முதுசொமும் தேடிய தேட்டமும்: ஆரையம்பதியை முன்னிறுத்தி ஒரு சமூகவியல் நோக்கு

பெற்றோர் தேடிவைத்த செல்வம் பிள்ளைகளைச் சோம்பராக்கும் என்பதும், தன் தாளாண்மையால் உயர்ந்தவரிடத்திலேயே உறுதியான குணநலன் அமையும் என்பதும் நம்மவர் மத்தியில் ஐயத்துக்கு இடமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்ட கருத்துக்களாகும். இவற்றுக்கு இலக்கிய ஆதரவும் குறைவில்லை. வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கெனத் தனி அதிகாரம் ஒன்றை வகுத்தார். தலைவன் பொருள்வயிற் பிரிவதற்குக் காரணங் கூற வந்த அகப்பொருள் உரைகாரரும், முன்னோர் வைத்த தாயப்பொருள் இல்லாமையால் அவன் பிரியவில்லை, அதனைத் துய்த்திருப்பது ஆண்மைக்குத் தகாது எனக் கருதியே பிரிகிறான் என்ற கருத்துப்பட விளக்கஞ் செய்தனர். ஆயின், இக்கூற்றுக்கள் யாவும் ஒரு வினாவைக் கேளாது விடுகின்றன. தாயப்பொருள் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதைத் தீர்மானிப்பது எது?

அதனைத் தீர்மானிப்பது இளைஞனின் குணமன்று. சட்டமும் மணமுறையும் பிறப்பு வரிசையும், ஆணா பெண்ணா என்பதுமே தீர்மானிக்கின்றன. குணம் முன்னர் நிற்க உடைமை பின்னர் வருவதில்லை. உடைமையின் வழியே ஒருவருக்கு ஓரிடம் வகுக்கப்பட, அவ்விடத்துக்கேற்ற பழக்கங்களே காலப்போக்கில் குணம் எனப் பெயர் பெறுகின்றன. இதனைப் பரிசோதித்தறிய விரும்புவோர்க்கு மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தைப் போல் வாய்ப்பான களம் தமிழ் பேசும் உலகிற் சிலவே உள. பணக்கார வீட்டுப் பிள்ளையையும் ஏழை வீட்டுப் பிள்ளையையும் ஒப்பிட்டுப் பேசுவதே பொதுவழக்கு. ஆனால் இங்கோ ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகளுள் மகள் முதுசொத்துக்கு உரியவளாகவும் மகன் தன் முயற்சியை நம்பி வாழ வேண்டியவனாகவும் வளர்க்கப்படுகின்றனர்.

ஆரையம்பதி மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, காத்தான்குடியை அடுத்து, கிழக்கே வங்கக் கடலுக்கும் மேற்கே வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில் அமைந்த பேரூர். ஆரைப்பற்றை என்பது இதன் பழைய வழக்குப் பெயர். சூரியன் எழும் பக்கமாகிய இக்கரையை எழுவான்கரை என்றும், வாவிக்கு அப்பாலுள்ள மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் மட்டக்களப்பார் கூறுவர். வீடும் வளவும் தென்னையும் கோயிலும் பாடசாலையும் எழுவான்கரையில். நெல்வயல்களிற் பெரும்பகுதி படுவான்கரையில். மண்முனைத் துறையிற் பாலம் அமைந்தது 2014 ஆம் ஆண்டிலேயே. அதற்கு முன் தோணியும் பாதையுமே வாவியைக் கடக்கும் சாதனங்கள். வேளாண்மைக் காலத்தில் ஆண்கள் வாவியைக் கடந்து வயல்வாடியிற் கிடந்து காவல் காத்தனர். பெண்கள் வீட்டோடு இருந்தனர். இப்புவியியல், கீழே விரித்துரைக்கப்படும் உடைமை முறையோடு பொருந்தி நிற்பது நோக்கற்பாலது. வீடு பெண்ணுக்குரிய இடமாயிற்று. ஆண் அங்கு வந்து சேர்பவனானான்.

இப்பிரதேசத்தில் குடி என்பது தாய்வழி வருவது. தந்தையின் குடி எதுவாயினும் பிள்ளை தாயின் குடியையே சேரும்; ஒரே குடிக்குள் மணஞ்செய்வது விலக்கப்பட்டது. ‘வயிற்றுவார்’ என்னும் மட்டக்களப்புச் சொல் தாய்வயிற்று வழியாக வரும் இவ்வுறவையே குறிப்பது. தமிழரிடையே மட்டுமன்றி, அயலூரான காத்தான்குடி உட்பட்ட கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிகளும், மணமகன் மனைவி வீட்டில் வாழும் வழக்கும் நிலவுவதால், இவ்வமைப்பினை மதத்தினாலோ சாதியொன்றின் தனி ஆசாரத்தினாலோ விளக்கிவிட இயலாது.

முக்குவர் சட்டம் எனப் பெயர்பெற்ற பழைய வழக்காறு சொத்தை இருவகையாகப் பிரித்தது. முன்னோரிடமிருந்து வந்தது முதுசொம். ஒருவர் தம் வாழ்நாளில் ஈட்டியது தேடிய தேட்டம். ஆணொருவன் இறந்தால் அவனது முதுசொம் அவன் பிள்ளைகளுக்குச் சேராது, சகோதரியின் மக்களாகிய மருமக்களுக்கே சேர்ந்தது. தேடிய தேட்டத்தை மாத்திரம் அவன் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். இவ்விதியின் உளவியற் பொருளைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். தந்தையொருவன் தன் மகனுக்கு ஏதேனும் கொடுக்க விரும்பினால் அதனைத் தானே உழைத்துத் தேடியிருத்தல் வேண்டும். ஆகவே சுயமுயற்சி என்பது இங்கு அறநூல் கூறிய நற்குணமாக மட்டும் இருக்கவில்லை. தந்தைப் பாசம் வெளிப்படுவதற்கிருந்த ஒரே சட்டபூர்வமான வழியாகவும் இருந்தது. மறுபுறத்தில், தாய்மாமனின் சொத்தை எதிர்நோக்கி நின்ற மருமகன், தகப்பனைவிட மாமனின் சொல்லுக்கே கூடுதலாகச் செவிசாய்த்திருப்பான் என்று ஊகிப்பது தவறாகாது.

இவ்வழக்காறுகளைத் தொகுத்துக் கிறிஸ்தோபர் பிரிற்றோ ஆங்கிலத்தில் நூலாக்கியது 1876 ஆம் ஆண்டில். அதே ஆண்டிலேயே 15 ஆம் இலக்க விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் வந்தது. அது கண்டியச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் தேசவழமைக்குட்பட்ட தமிழருக்கும் விலக்களித்தது. முக்குவர் சட்டத்துக்கு அத்தகைய விலக்கு எதுவும் கிடைக்கவில்லை. நூலேறிய ஆண்டிலேயே அவ்வழக்காறு நீதிமன்றத்தில் உயிரிழந்தமை வரலாற்றின் குரூரமான தற்செயல் எனலாம். யாழ்ப்பாணத்தின் தேசவழமை 1707 இல் ஒல்லாந்தரால் ஏட்டிற் பதியப்பெற்று இன்றுவரை சட்டமாய் நிலைத்திருக்க, மட்டக்களப்பின் வழக்காறு பொதுச் சட்டத்துள் மூழ்கியது.

சட்டம் மறைந்தும் வழக்கம் மறையவில்லை, வேறு வடிவெடுத்தது. அக்கரைப்பற்றில் 1969 முதற் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். இறப்பின் பின் மருமக்களுக்குச் செல்லும் தாயம் படிப்படியாகக் கைவிடப்பட, பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே மகளுக்குச் சீதனமாக வீட்டையும் வயலையும் உறுதி முடித்துக் கொடுக்கும் முறை அதனிடத்தைப் பெற்றது. இதனால் மாமனிடமிருந்து மருமகனுக்குப் போய்க்கொண்டிருந்த சொத்து, தாயிடமிருந்து மகளுக்குப் போகத் தொடங்கிற்று. ஆண்களுக்குத் தாய்வழியாக எஞ்சியது கோயிலுரிமையே. குடியின் சார்பில் வண்ணக்கராக நிற்கும் பதவியும், திருவிழாவிற் கிடைக்கும் வரிசை மரியாதைகளும் இன்றும் தாய்வழிக் குடியுரிமையைப் பற்றியே வருகின்றன. காசு தராத இம்முதுசொத்துக்காக ஆண்கள் எத்துணை ஆண்டுகள் வழக்காடுவர் என்பது கிழக்கிலங்கைக் கோயில்களின் வரலாறு அறிந்தோர்க்குத் தெரியும்!

இம்முறை ஒரு குடும்பத்தில் எவ்வாறு இயங்குகிறது என்பதை உதாரணமாகக் காண்போம். மூன்று பெண்களும் இரண்டு ஆண்களும் உள்ள நடுத்தர வசதியுடைய வீடு எனக் கொள்க. மூத்த மகள் மணமுடிக்கும்போது பெற்றோர் வாழும் வீடே அவளுக்குச் சீதனமாகிறது. மருமகன் அவ்வீட்டுக்கு வருகிறான். சிறிது காலம் யாவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தபின், பெற்றோர் மணமாகாத பிள்ளைகளுடன் அதே வளவிலோ அயலிலோ எழுப்பிய மற்றொரு வீட்டுக்குப் பெயர்வர். இரண்டாம் மகளின் திருமணத்தோடு அதுவும் கைமாறும். கடைசி மகளின் வீட்டிலேயே பெற்றோரின் முதுமை கழியும். பெற்றோர் தாம் கட்டிய வீட்டிலிருந்து தாமே இரண்டு முறை வெளியேறுகின்றனர் என்பது இதன் பொருள். அவர்தம் வாழ்நாள் உழைப்பு அனைத்தும் வீடுகளாக மாறி, அவ்வீடுகள் ஒவ்வொன்றாகப் பெண்மக்களின் பெயருக்குச் செல்லும். ஒரே வளவில் அக்காளும் தங்கையரும் அடுத்தடுத்து வாழ, தாயின் கிணறும் தாயின் வேலியும் அவர்களுக்குப் பொதுவாக அமையும்.

ஆண்மக்கள் இருவரின் நிலை யாது? அவர்களுக்கு வீடு கிடையாது. அவர்களுக்கு வரவேண்டிய வீடு இன்னொரு பெண்ணின் சீதன உறுதியில் இருக்கிறது. வயலிற் பங்கு கிடைத்தாற் சிறிதே. படிப்பிக்கச் செலவான பணமே அவர்களது பங்காகக் கணக்கிடப்படும். “மகளுக்கு வீடு, மகனுக்குப் படிப்பு” என்பது எழுதப்படாத ஒப்பந்தம் போல் வழங்கியது. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும், அதற்கு முன்னரே 1929 இல் விபுலானந்த அடிகளார் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியதும் இந்த ஒப்பந்தத்தின் ஆண்பாற் பகுதிக்கு உயிரளித்தன எனலாம். ஆசிரியர்களும் அரசாங்க எழுதுவினைஞர்களும் எழுத்தாளர்களும் இவ்வூர்களிலிருந்து தொகையாகத் தோன்றியமைக்கு அறிவு வேட்கை ஒரு காரணம். வீடில்லாமை மற்றொரு காரணம். முன்னதை நாம் விழாக்களில் விதந்துரைப்போம்; பின்னதைப் பேசுவது அபூர்வம்.

மகனுடைய சுயமுயற்சியை நெருங்கி நோக்கினால் அதில் ‘சுய’ என்பது எவ்வளவு என்ற ஐயம் எழும். தங்கைமாரைக் கரைசேர்க்காமல் தமையன் மணமுடிப்பது தகாது என்பது இங்கு உறுதியான எதிர்பார்ப்பு. பதினெட்டு, இருபது வயதில் உழைக்கத் தொடங்குபவன் முதலில் உழைப்பது தங்கையின் வீட்டுக்கு அத்திவாரமிடவும் அதற்கு ஓடு போடவும். அவனது சேமிப்பு அவனுடையதாய்த் தங்குவதில்லை. இன்னொருவர் பெயரில் உறுதியாகி விடுகிறது. முப்பதைக் கடந்த பின்னரே அவன் மணமகனாகிறான். அப்போது அவனும் ஒரு சீதன வீட்டுக்குள் நுழைகிறான். அவ்வீட்டின் செங்கற்களையும் எங்கோ ஒரு மைத்துனன் இதுபோலவே உழைத்து வாங்கியிருப்பான். ஆகத் தன்காலில் நிற்பவன் எனப் பாராட்டப்படும் இளைஞன் மெய்யாகவே ஒரு நீண்ட கொடுக்கல் வாங்கற் சங்கிலியின் கண்ணியாக நிற்கிறான். அவனிடத்துக் காணப்படும் பொறுப்புணர்வும் சிக்கனமும் பொறுமையும் உண்மையான நற்குணங்களே. ஆயின் அவை தனிமனித சாகசத்திற் பிறந்தவையல்ல. பிறர்க்குக் கடன்பட்டவனாக வளர்க்கப்பட்டதிற் பிறந்தவை. அதே வளர்ப்பு, தனக்கென எதையும் விரும்பக் கூசும் ஒருவகை அடக்கத்தையும், சிலரிடத்து வெளிச்சொல்ல முடியாத கசப்பையும் விளைக்கின்றது.

இவ்விடத்து ஒரு சொல்லைக் கவனித்தல் தகும். ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்பது தமிழ்நாட்டில் ஏளனச் சொல். மாமனார் வீட்டில் வாழ்பவன் முதுகெலும்பற்றவன் என்பது அச்சொல்லின் உட்கிடை. திரைப்படங்கள் இதை வைத்துப் பல்லாண்டு காலம் சிரிப்பூட்டியுள்ளன. மட்டக்களப்பிலோ யாவருமே வீட்டோடு மாப்பிள்ளைகள். எனவே அங்கு அச்சொல்லுக்கு வேலை இல்லை. பிறர் தேடிய வீட்டில் வாழ்வது ஆண்மகனின் குணத்தைக் கெடுக்கும் என்பது இயற்கை விதியாயின், ஒரு பிரதேசத்து ஆண்கள் அனைவரும் கெட்டிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. இழிவு என நாம் கருதுவது பெரும்பாலும் அண்டை வீட்டானுக்கு இல்லாத நிலை நமக்கு நேர்வதையேயாகும்.

இனிப் பெண்ணின் பக்கம் வருவோம். பரம்பரைச் செல்வம் குணத்தைக் கெடுக்கும் என்ற வாதப்படி, இருபது வயதிலேயே வீட்டுக்கும் நிலத்துக்கும் உரியவளாகும் மட்டக்களப்புப் பெண் சோம்பியும் செருக்குற்றும் இருத்தல் வேண்டும். நடைமுறை வேறு. அவளுக்குக் கிடைப்பது விற்றுச் செலவழிக்கத்தக்க செல்வமன்று; பின்னொரு நாள் தன் மகளுக்குத் தானும் ஒரு வீடு கொடுத்தாக வேண்டும் என்ற கடமையோடு கூடிய செல்வம். உறுதி அவள் பெயரில் இருக்கும். சிலபோது கணவன் பெயரும் அதிற் சேர்ந்திருக்கும். வயலின் வரவு செலவையும் விற்பனையையும் பெரும்பாலும் கணவனே நடத்துவான். 1923 ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டப்படி அவள் கணவனின் சம்மதமின்றியே தன் நிலத்தை விற்கலாம். தேசவழமைக்குட்பட்ட யாழ்ப்பாணப் பெண்ணுக்கு 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இவ்வுரிமையை மறுத்திருந்தமையோடு ஒப்பிட்டால் கிழக்கின் பெண் சட்டத்தில் முன்னே நின்றாள். ஆயினும் கஞ்சனா றுவன்புர கிழக்கிலங்கையிற் பெண்களைத் தலைவர்களாகக் கொண்ட குடும்பங்களை ஆராய்ந்து 2006 இல் வெளியிட்ட நூல் காட்டியது போல, தாய்வழி உடைமையும் தந்தையாதிக்க நடைமுறையும் ஒரே கூரையின்கீழ் இணங்கி வாழக்கூடியன. சொத்து இருந்தும் அதைப் பற்றிய முடிவு தன் கையில் இல்லாதவர், சொத்துள்ளவருக்குரிய தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்ள முடிவதில்லை.

எனினும் அவளுக்கு ஒன்று உறுதி. அவளை வீட்டை விட்டு வெளியேற்ற எவராலும் இயலாது. மணமுறிவு ஏற்பட்டால் வெளியேறுபவன் கணவனே. தாயும் சகோதரிகளும் கூப்பிடு தூரத்தில் இருப்பர். போர்க்காலத்திற் கணவனை இழந்த பல்லாயிரம் பெண்கள் கிழக்கில் இருந்தனர். அவர்களிற் பலர் மாமியார் வீட்டுத் தயவில் வாழ வேண்டிய நிலைக்குத் தள்ளப்படாதிருந்தமைக்கு இச்சீதன வீடே காரணம். பரம்பரைச் சொத்து இங்குச் செய்தது சோம்பலை வளர்த்தலன்று, அச்சத்தை நீக்குதல். ஆரையம்பதியிற் கைத்தறி நெசவு வீட்டுத் தொழிலாக வளர்ந்தபோதும் இதுவே அடிப்படையாயிற்று. தறி நாட்டுவதற்கு வாடகையற்ற ஓர் இடமும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அருகில் ஒரு தாயும் வேண்டும். சீதன வீடு இரண்டையும் தந்தது. தாயம், சுயமுயற்சி என்ற இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பேசுவோர் அத்தறியின் முன் சற்று நேரம் நின்று பார்த்தல் நன்று. 1977 இன் பின் திறந்த பொருளாதாரம் மலிவான இறக்குமதித் துணிகளைக் கொண்டு வந்து இலங்கையெங்கும் கைத்தறியைத் தளர்த்தியபோது, பெண்களின் தேடிய தேட்டம் குறைந்தது. முதுசொம் மட்டும் எஞ்சியது.

மேற்கூறியன யாவும் கொடுப்பதற்குச் சிறிதேனும் உள்ள குடும்பங்களைப் பற்றியவை. நெல்வயற் பெருநிலங்களை ஆண்ட போடியாரின் பிள்ளைகளையும், அவ்வயல்களில் முல்லைக்காரராகவும் கூலிகளாகவும் உழைத்தோரின் பிள்ளைகளையும் இக்கணக்கிற் சேர்க்காமல் விடுவது நேர்மையாகாது. கோயிலுக்கும் உயர்சாதி வீடுகளுக்கும் குடிமைத் தொழில் செய்யக் கடமைப்பட்டிருந்தோரின் மகனும் முதுசொம் பெற்றான். ஆனால் அவன் பெற்ற முதுசொம் தொழும்பு. முல்லைக்காரனின் மகனுக்குத் தந்தையின் கடன் தாயமாக வந்தது. இவர்களை நோக்கிச் சுயமுயற்சியைப் போதிப்பது, விடியுமுன் எழுந்து வயலுக்குச் செல்பவனை நோக்கி அதிகாலைத் துயிலெழலின் சிறப்பை விளக்குவது போன்றது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைப் பயிர்ச்செய்கையாளனுக்குப் பாதுகாப்பளிக்க முயன்றது. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் உடைமைக்கு 50 ஏக்கர் என்றும், அதில் நெல்வயல் 25 ஏக்கருக்கு மேற்படலாகாது என்றும் உச்சவரம்பு விதித்தது. போடியாரின் மகன் மண்ணை விட்டு உத்தியோகத்தை நோக்கித் திரும்பியமைக்கு இச்சட்டங்கள் உருவாக்கிய சூழலுக்கும் பங்குண்டு. அவனது ‘முன்னேறும் ஆவலை’ வெறும் மனோதத்துவமாக விளக்குவது போதாது.

பிற நாட்டு ஆய்வுகளும் இவ்விடயத்தில் எளிய விடை எதனையும் தருவனவாக இல்லை. பெருஞ்செல்வத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வது அவர்களுக்குத் தீங்கு என்ற கருத்தை அமெரிக்க உருக்குப் பெருமுதலாளி அன்ட்ரூ கார்னெகி 1889 இல் எழுதிப் புகழ்பெறச் செய்தார். (தம் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு எது நன்மை என்பது பற்றி அவர் அத்துணை கரிசனை காட்டியதாகத் தெரியவில்லை, 1892 ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் வேலைநிறுத்தம் அதற்குச் சான்று.) இக்கருத்தை மூன்று அமெரிக்கப் பொருளியலாளர் வருமானவரிப் பதிவுகளைக் கொண்டு பரிசோதித்து 1993 இல் வெளியிட்ட கட்டுரை, ஏறத்தாழ 150,000 டொலர் தாயமாகப் பெற்றவர் வேலையை விட்டு விலகும் வாய்ப்பு, 25,000 டொலருக்குக் குறைவாகப் பெற்றவரைவிட நான்கு மடங்கு என்றது. கார்னெகி கூறியது உண்மையே எனப் பலர் இதனை எடுத்தாண்டனர். ஆனால் அதே மூவர் அடுத்த ஆண்டிலே வெளியிட்ட மற்றொரு கட்டுரை அத்துணை எடுத்தாளப்படவில்லை. சொந்தத் தொழில் நடத்துவோருள், தாயம் பெற்றவர்களே தொழிலிற் கூடுதலாக நிலைத்து நின்றனர் என அது கண்டது. ஒரே பணம் ஒருவரை வேலையிலிருந்து விலக்குகிறது. மற்றொருவரை அவர் விரும்பிய வேலையில் ஊன்றச் செய்கிறது. விலகியோர் எத்தகைய வேலையிலிருந்து விலகினர் என்ற கேள்வியைக் கேளாது அவர்களைச் சோம்பேறிகள் எனல் பொருந்தாது.

வறுமையில் வளர்வது குணத்தை உறுதியாக்கும் என்ற நம்பிக்கைக்கும் இதே கதியே. 1920–21 இல் பிறந்து, 1930களின் பெருமந்த காலத்தில் கலிபோர்ணியாவின் ஓக்லண்ட் நகரில் வளர்ந்த 167 பிள்ளைகளின் வாழ்க்கையைத் தொடர்ந்து ஆராய்ந்த கிளென் எல்டர் 1974 இல் தம் நூலை வெளியிட்டார். குடும்ப வருமானம் வீழ்ந்தபோது பையன்கள் வெளிவேலைக்கும் பெண்பிள்ளைகள் வீட்டு வேலைக்கும் சென்றனர். இளமையிலேயே பொறுப்பேற்ற அவர்களிற் பலர் பிற்காலத்தில் நன்னிலை எய்தினர். ஆயின் எல்டர் பின்னர் இவர்களைவிட ஏழெட்டு வயது இளைய மற்றொரு குழுவை ஆராய்ந்தபோது, அதே வறுமை சிறு வயதுப் பையன்களைப் பெரிதும் பாதித்திருந்தமை புலனாயிற்று. இடர் ஒருவரை வளர்க்கிறதா முறிக்கிறதா என்பது அவர் அதனை எந்த வயதில் எதிர்கொண்டார், அவ்வேளை குடும்பத்தில் அவருக்குப் பயனுள்ள ஒரு பங்கு இருந்ததா என்பவற்றைப் பொறுத்தது. ஆரையம்பதியின் தமையனுக்கு அத்தகைய பங்கு இருந்தது. அவன் உழைப்பை வேண்டி நின்ற ஒரு வீடு இருந்தது. நகரத் தெருவில் தனித்து விடப்பட்ட இளைஞனின் ‘சுயசார்பு’ இதனின் வேறானது. இரண்டையும் ஒரே சொல்லாற் குறிப்பது நம் சிந்தனையின் வறுமை.

கடந்த அரை நூற்றாண்டில் இவ்வமைப்பின் இரு பக்கமும் ஆட்டங் கண்டன. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தென்னைகளை வீழ்த்திற்று. போர்க் காலத்தில் படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் எழுவான்கரை அரசபடையினரின் கட்டுப்பாட்டிலும் இருந்தமையால், எழுவான்கரை வீட்டு அலுமாரியில் உறுதி இருக்க, அவ்வுறுதி குறிக்கும் வயலை அடைய முடியாத நிலை பலருக்கு ஏற்பட்டது. முதுசொம் என்பது வெறுந்தாளாயிற்று. மகன்மார் வெளிநாடு சென்றனர், அல்லது காணாமற் போயினர், அல்லது மாண்டனர். சீதன வீடு கட்டும் தமையன் இல்லாமற் போனபோது அவ்விடத்தை நிரப்பியவள் பெரும்பாலும் தாய். மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்று, மகளின் வீட்டுச் சுவரை ஆண்டுக்கு ஒரு பக்கமாக எழுப்பிய தாய்மார் தமிழூர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் உளர்.

மற்றொரு மாற்றம் கல்வியால் வந்தது. 1981 இல் வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமான நிறுவனத்துக்கு இன்று பெண்கள் பெருந்தொகையாகச் செல்கின்றனர். “மகனுக்குப் படிப்பு” என்ற பங்கினை மகளும் பெற்றுவிட்டாள். நியாயப்படி வீட்டின் தேவை குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை! பட்டமும் உத்தியோகமும் பெற்ற மணமகளிடமும் வீடு கேட்கப்படுகிறது. விளைவு யாதெனில், ஆசிரியையாகப் பணிபுரியும் பெண் வங்கிக் கடன் பெற்றுத் தன் சம்பளத்தால் வீடு கட்டி, அதைத் தன் சீதனமாகத் தானே கொண்டு செல்கிறாள். பிரிற்றோ தொகுத்த பழைய பாகுபாடு இங்குத் தலைகீழாகின்றது. தேடிய தேட்டமே சீதனமெனப் பெயர் பெறுகிறது. முப்பது வயது வரை கடன் கட்டும் இப்பெண், பழைய தமையனின் பொறுமையையும் சிக்கனத்தையும் கசப்பையும் ஒருங்கே பெற்றிருக்கிறாள். குணம் இடத்தைப் பின்பற்றுவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அவளுக்குத் தமையனுக்கு இல்லாத ஓர் உரிமை உண்டு, வீடு அவள் பெயரில் இருக்குமாயின்.

அந்த ‘இருக்குமாயின்’ என்பது பற்றி ஈற்றிற் சிறிது கூற வேண்டும். அரசு தன் கையாற் காணி கொடுத்த இடங்களிலெல்லாம் தாய்வழி முறையைக் கவனித்ததில்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், உரித்தாளரை நியமிக்காது ஒருவர் இறந்தால் மகளுக்கு முன் மகனே காணியைப் பெறுமாறு வகுத்தது. 1949 முதல் உருவான கல்லோயாக் குடியேற்றங்கள் அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தினுள்ளேயே இந்த ஆண்வழித் தாயத்தை நாட்டின. இவ்வேற்றத்தாழ்வு 2022 இலேயே திருத்தப்பட்டது. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குப் பின் நிலைமை மேலும் வெளிப்படையாயிற்று. கரையோரத்தில் அழிந்த வீடுகளிற் பெரும்பாலானவை பெண்களின் சீதன வீடுகள். புதிய வீடுகளைக் கையளித்தபோது உத்தியோகத்தர்கள் ‘குடும்பத் தலைவர்’ என்ற கூண்டில் ஆணின் பெயரை எழுதுவதே வழக்கமாயிற்று. மனைவிக்கு உரியதாயிருந்த வீடு கடலோடு போக, கணவனுக்கு உரிய வீடு அரசிடமிருந்து வந்தது. கூட்டுரிமை கோரிப் பெண்கள் அமைப்புக்கள் குரலெழுப்பின. மக்கில்வ்ரேயும் பற்றிசியா லோறன்சும் கிழக்குக் கரையோரத்தின் மீள்குடியேற்றம் பற்றி 2010 இல் வெளியிட்ட ஆய்வு, புதிய வீடு கிடைத்ததும் பெற்றோரின் முதற் கவலை அதனை எந்த மகளுக்குச் சீதனமாக்குவது என்பதே எனக் காட்டிற்று. படிவம் தந்தையாதிக்கத்தைப் பேச, குடும்பம் தாய்வழியைப் பேசிற்று.

இப்புதிய உறுதிகளின் கீழ் வளர்ந்த பிள்ளைகள் இன்று இருபது வயதைக் கடந்து மணப்பருவத்தில் நிற்கின்றனர். தகப்பன் பெயரிலுள்ள வீடு மகளுக்குப் போகிறதா, மகன் பங்கு கேட்கத் தொடங்கிவிட்டானா, தங்கைக்காக உழைக்கும் கடமையை அவன் இன்னும் தன்னுடையதாகக் கருதுகிறானா என்பன ஆய்வுக்குரிய வினாக்கள். விடைகளைத் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நொத்தாரிசுமாரின் நன்கொடை உறுதிகள் காணிப் பதிவகத்திற் பதிவாகியுள்ளன; கொடுப்பவர் யார், பெறுபவர் யார், காணியை முதலில் வாங்கியவர் யார் என்பன அவற்றில் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. மட்டக்களப்பு மான்மியம் 1962 இலும் வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964 இலும் அச்சேறியபின், அப்பிரதேசத்தின் பண்பாட்டை ஏடுகளிலிருந்தும் கோயில்களிலிருந்தும் அறிந்துகொண்டோம். உறுதிகளை அவ்வாறு ஊர் ஊராகப் படிக்கும் பணிக்கு மாணவர் எவரேனும் முன்வரின், ஆரையம்பதியின் ஒரு வளவிலிருந்து அவர் தொடங்கலாம்.